கெபிக்குக் கெபி நிற்கும் ஆட்டோ

கிள்ளானிலிருந்து என்னை விமானம் ஏற்றும்போது அம்மா ஒரு டப்பா தைலமும் ஒரு கட்டளையும் கொடுத்தாள். தைலம் தலைவலிக்கு. கட்டளை அவள் தங்கையைப் பற்றியது. "லூர்து என்ன சொன்னாலும் காதுல வாங்காதே. கையோட இழுத்துக்கிட்டு வா."

அம்மா கல்யாணமாகி மலேசியா போனவள். லூர்து சின்னம்மா சென்னை ராயபுரத்திலேயே வாக்கப்பட்டு அங்கேயே இருந்துவிட்டவள். பிள்ளைகள் இல்லை. சித்தப்பா ஆட்டோ ஓட்டினார். போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். வாசலில் சும்மா நிற்கும் அந்த ஆட்டோவை இனி நானே ஓட்டுகிறேன் என்று சின்னம்மா போனில் சொன்ன அன்றைக்கு அம்மா சாப்பிடவில்லை. "ஐம்பத்து மூணு வயசுல! அந்தக் கண்டெய்னர் லாரிங்களுக்கு நடுவுல!" என்று சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

அம்மா சரியான ஆளைத்தான் அனுப்பினாள். நான் காப்புறுதி விற்கிறவன். ஒரு மாடிப்படியைக் காட்டினால் அதில் எத்தனை விதமாக விழலாம் என்று சொல்லிவிடுவேன். தென்னை மரத்தடியில் நிற்க மாட்டேன். மழையில் குடை பிடிக்கவும் யோசிப்பேன், இடி இருக்கிறதே. என் வேலையே ஊருக்குப் பயம் காட்டுவதுதான் என்று என் மனைவி சொல்வாள். அவளுக்கும் ஒரு பாலிசி போட்டு வைத்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் இறங்கினேன். சின்னம்மா ஆட்டோவோடு வந்திருந்தாள். நல்லவேளை, ஓட்டிவந்தவர் காசிம் பாய். வண்ணாரப்பேட்டையில் மெக்கானிக், சித்தப்பாவுக்கு உயிர்த் தோஸ்து. இப்போது சின்னம்மாவுக்கு வண்டி ஓட்டக் கற்றுத்தருவதும் அவர்தான். முன்னால் சிவப்பில் 'எல்' எழுதி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே எனக்குத் தைலம் தேவைப்பட்டது.

வீட்டில் கானாங்கெளுத்திக் குழம்பும் நெத்திலி வறுவலும் காத்திருந்தன. எங்கள் ஊரிலும் நெத்திலி உண்டு. அது சோற்றின் ஓரத்தில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும். ராயபுரத்து நெத்திலி தட்டையே ஆக்கிரமித்துக்கொள்கிறது. இரண்டு முறை சோறு வாங்கியபிறகு, வந்த காரியத்தை மெல்ல எடுத்தேன்.

"இன்னாடா, இட்டுனு போவ வந்தியா?" என்றாள் சின்னம்மா. "வெள்ளிக்கெழம டெஸ்டு. இது மூணாவது வாட்டி. பாஸானா நான் இங்க. பெயிலானா உன்கூட வந்து உங்கம்மா பக்கத்துல குந்திகினு டி.வி. பாக்குறேன். பாஸ்போட்டு ரெடியா கீது. போதுமா?"

"எதுக்கு சின்னம்மா இந்த வயசுல இந்த ரிஸ்க்கு?"

"மீன் கூடையோட பொம்பளைங்க நிப்பாங்க பாரு, காசிமேட்டாண்ட. எந்த ஆட்டோவாவது நிக்குதா? நாறுதுன்னு பறந்துர்றானுங்க. நானும் எத்தினி வருசம் கூடைய வெச்சிகினு ரோட்ல நின்னவ தெரியுமா? என் வண்டி நிக்கும். அவ்ளோதான்."

நான் மறுபடி நெத்திலிக்குக் கை நீட்டினேன். இரண்டு முறை தோற்றவள் மூன்றாவது முறையும் தோற்பாள் என்று என் தொழில் புத்தி கணக்குப் போட்டது. ஞாயிற்றுக்கிழமை விமானத்தில் அவளுக்கு ஜன்னல் சீட்டு கேட்டு வாங்கிவிட்டேன்.

மறுநாள் பயிற்சி. ராயபுரத்திலிருந்து எண்ணூர்வரை கடலோரச் சாலை. ஒரு பக்கம் கருங்கல் கொட்டிய கடல், மறுபக்கம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. லாரிக்கு அடியில் ஒருவர் சோறு வடித்துக்கொண்டிருந்தார், இன்னொருவர் கண்ணாடி பார்த்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். எங்கள் கிள்ளானும் துறைமுக ஊர்தான். ஆனால் எங்கள் லாரிக்காரர்கள் சாலையில் குடித்தனம் நடத்துவதில்லை.

சின்னம்மா ஓட்ட, பாயும் நானும் பின்னால் உட்கார்ந்தோம். இந்த நிலையில் நான் செத்தால் என் கம்பெனியே என் வீட்டுக்குப் பணம் தராது என்று பாயிடம் சொன்னேன். "பேசாத வா நைனா. நான் துவா பண்ணிகினு கீறேன்" என்று அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு லாரி காதருகே ஹாரன் அடித்தது. நானும் மூடிக்கொண்டேன்.

சின்னம்மா மோசமாக ஓட்டினாள் என்று சொல்ல முடியாது. மெதுவாக ஓட்டினாள். சைக்கிளில் போன ஐஸ்காரர் எங்களைத் தாண்டிப் போகும்போது நலம் விசாரித்துவிட்டுப் போனார். கோளாறு வேறு. சாலையோரத்தில் மாதா கெபி ஒன்று வந்தது. கண்ணாடிக் கூண்டுக்குள் சின்னச் சுரூபம், நீல விளக்கு, சாமந்தி மாலை. சரியாக அதன் எதிரே ஆட்டோ 'குர்ர்' என்று இருமி நின்றுவிட்டது. கிளப்பினால் கிளம்பியது. அடுத்த கெபியில் மறுபடி நின்றது. திருவொற்றியூரில் அந்தோணியார் குருசடி வந்தது, அங்கேயும் நின்றது. நடுவில் எங்கும் நிற்கவில்லை.

"கார்புரேட்டர கழுவிட்டேன், பிளக்க மாத்திட்டேன், பெட்ரோல் டாங்கியே வேற போட்டுட்டேன்," என்றார் பாய் தலையில் கை வைத்து. "கெபி வந்தா நிக்குது. அஞ்சு வேள தொழுவுற மெக்கானிக்கு கையில ஒரு வேதக்கார ஆட்டோ வந்து மாட்டிகிச்சி. நான் எங்க போயி சொல்லட்டும்?"

போன இரண்டு டெஸ்டிலும் இதேதான் நடந்திருக்கிறது. மைதானத்தில் எட்டு போடுவதில் குறையே இல்லை. பிறகு தெருவில் ஒரு சுற்று வர வேண்டும். அந்தத் தெரு முனையில் ஒரு கெபி. "யம்மா, இது ஆட்டோவா, தேரா?" என்று கேட்டு இன்ஸ்பெக்டர் இறங்கிப் போய்விட்டாராம்.

இன்ஸ்பெக்டருக்கு வேண்டுமானால் எரிச்சல். அக்கம்பக்கத்துக்கு இது வேறு விஷயமாகிவிட்டது. எர்ணாவூரில் வண்டி நின்றதும் ஒரு அம்மா ஓடிவந்தாள். "இதானே மாதாவுக்கு நிக்கிற ஆட்டோ?" என்று கேட்டு, மெழுகுவத்தி ஏற்றி ஆட்டோவின் பின்சீட்டில் நட்டாள். பின்சீட்டில் என் தொடையும் இருந்தது. அம்மா தைலம் கொடுத்தது எதற்கென்று அப்போது புரிந்தது.

வியாழக்கிழமை நான் உயிருக்கு மரியாதை கொடுத்து மெட்ரோவில் போவதென்று முடிவெடுத்தேன். அவர்கள் ஆட்டோவில் வரட்டும், நான் விம்கோ நகர் ஸ்டேஷன் வாசலில் வந்து சேர்ந்துகொள்கிறேன். வண்ணாரப்பேட்டையில் ஏறினேன். சில்லென்ற பெட்டி, சுத்தமான இருக்கை, எங்கள் ஊர் ரயிலுக்குக் கொஞ்சமும் குறைவில்லை. கண்ணயர்ந்தேன். விழித்தபோது விமான நிலையத்தில் இருந்தேன். அந்தத் தடத்துக்கு விம்கோ நகர் ஒரு கோடி, விமான நிலையம் மறு கோடி. நான் எதிர்ப்பக்க ரயிலில் ஏறியிருக்கிறேன். பாஸ்போர்ட் சட்டைப்பையில்தான் இருந்தது. அப்படியே ஓடிவிடலாமா என்று ஒரு நிமிடம் நிஜமாகவே நினைத்தேன்.

சென்னையை முழு நீளத்துக்குத் திரும்பக் கடந்து விம்கோ நகர் வந்து சேர்ந்தபோது எனக்குக் கொலைப் பசி. ஸ்டேஷன் எதிரே டீக்கடையில் ஒரு பன் வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். பாய் உடனே கண்ணை மூடினார். நான் மூடவில்லை. பன்னைப் பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாவு சரியாகப் புளித்திருந்தால் உள்ளே ஓட்டைகள் சீராக விழும். இதை ஏன் பார்க்கிறேன் என்று பிறகு சொல்கிறேன். பன்னை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தபோது ஒரு கெபி வந்தது, சின்னம்மாவின் கை தெரிந்தது.

ஆட்டோவில் ஆக்ஸிலேட்டர் காலில் இல்லை, வலக்கைப் பிடியில் இருக்கிறது. முறுக்கினால் ஓடும், விட்டால் அடங்கும். சின்னம்மா ஆமை வேகத்திலும் பெரிய கியரில்தான் போவாள், விட்ட நிமிடமே வண்டி செத்துவிடும். கெபியைப் பார்த்ததும் அவள் வலக்கை பிடியை விட்டு எழுந்தது. நெற்றி, நெஞ்சு, இடத்தோள், வலத்தோள், கடைசியில் விரல் நுனிக்கு ஒரு முத்தம். வண்டி 'குர்ர்' என்றது. "ஐயே, திரும்பவும் நின்னுபோச்சு பாய்!" என்றாள் நிஜமான வருத்தத்தோடு.

சிலுவை போட்டது அவளுக்கே தெரியவில்லை! மூச்சு விடுவதை யாராவது கவனிப்பார்களா? பாய் கண்ணை மூடிக்கொண்டிருந்தார், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், இன்ஸ்பெக்டரும் மூடிக்கொண்டுதான் இருந்திருப்பார். ஒரு பன் இல்லாவிட்டால் இந்த ரகசியம் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் சொல்லவில்லை. சொல்லாமலிருந்தால் நாளை தோற்பாள், ஞாயிற்றுக்கிழமை ஜன்னல் சீட்டில் உட்காருவாள், அம்மா நிம்மதியாகச் சாப்பிடுவாள். பன்னை மென்றுகொண்டே எண்ணூர்வரை வாயை மூடிக்கொண்டு போனேன். தூரத்தில் அத்திப்பட்டு அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் புகை விட்டுக்கொண்டிருந்தன.

சாயங்காலம் சின்னம்மா என்னை அத்தோ கடைக்குக் கூட்டிப்போனாள். பர்மாவிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த நூடுல்ஸ். வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூள் எல்லாம் போட்டு வெறுங்கையால் பிசைந்து கொடுக்கிறார்கள். எங்கள் மீ கோரேங்குக்கு உறவுக்காரன்தான், ஆனால் கோபக்காரன். கூடவே வாழைத்தண்டு சூப்பு. கடைக்காரர் கையுறை போடவில்லை என்று நான் கவலைப்பட்டதற்குள் தட்டு காலியாகிவிட்டது.

"பன்ன அப்டி இன்னாடா பாத்துகினு இருந்த?" என்றாள் சின்னம்மா.

வேறு வழியில்லாமல் சொன்னேன். எனக்கு ஒரு ரொட்டிக்கடை வைக்க ஆசை. எத்தனையோ வருட ஆசை. அடுப்பு எந்த மாதிரி, கடை எந்தத் தெருவில், முதல் நாள் என்ன ரொட்டி, எல்லாம் மனத்தில் தயார். என் மனைவிக்குக்கூட முழுதாகச் சொன்னதில்லை.

"அப்பால இன்னா?"

"பயம். ஓடாம போயிட்டா? நம்ம ராயப்பர் கதை தெரியும்ல? படகை விட்டு இறங்கித் தண்ணி மேல நாலடி நடந்தார், பயந்தார், முழுகினார். அந்த மாதிரி ஆயிட்டா?"

ராயப்பர் பேரைக் கொண்ட ராயபுரத்தில் உட்கார்ந்துகொண்டு, ஆண்டவரின் அந்தச் சீடரைக் குறை சொல்லியிருக்கக் கூடாது. சின்னம்மா தட்டைக் கீழே வைத்தாள். "முங்குனாரு, ஆண்டவரு கையப் புட்ச்சி தூக்குனாரா இல்லியா? மத்த பதினோரு பேரும் போட்லயே குந்திகினு இருந்தாங்களே, அவுங்க பேர்ல இங்க ஊரு கீதா?"

"தோமையார் பேர்ல சாந்தோம் இருக்கே, சின்னம்மா."

"அது தெக்கால கீது. அத்த வுடு."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே வெட்கமாகவும் இருந்தது. இரண்டு முறை தோற்றும் மூன்றாவது முறைக்கு நிற்கிறவளை நான் பன்னை மென்றுகொண்டே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். "வண்டி ஏன் நிக்குதுன்னு எனக்குத் தெரியும்," என்று சொல்லிவிட்டேன். அவள் கையைப் பிடித்து, எப்படி எழுகிறது என்று காட்டினேன்.

அவள் வலக்கையைத் தூக்கி நெற்றிவரை கொண்டுபோய்ப் பார்த்தாள். பிறகு சின்னக் குரலில் பேசினாள். "உங்க சித்தப்பா போன அப்பால அந்தக் கெபிங்கதான்டா எனக்கு தொண. சிலுவ போடாத தாண்டுனா, மாதா கோச்சிகினு என்ன வுட்டுட்டா? பயமா கீதுடா. லாரிக்குகூட நான் பயப்படல."

வெள்ளிக்கிழமை காலைப் பூசை முடிந்ததும் இளம் ஃபாதரைப் பிடித்தோம். "மனசுக்குள்ள போட்டாலே போதும்மா," என்றார் அவர்.

"மனசுல போட்டா மாதாவுக்கு எப்டி ஃபாதர் தெரியும்? கண்ணாடிப் பொட்டிக்குள்ள கீறாங்க."

ஃபாதர் நெற்றியைத் தடவினார். "இடது கை?"

"அது கிளச்சு!"

ஃபாதர் பாவம், குருமடத்தில் கிளட்ச் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "ஒருத்தருக்காக ஒருத்தர் செபிக்கிறோம் இல்லையா? அந்த மாதிரி, உங்களுக்காக வேற யாராவது சிலுவை போடட்டும்."

வாசலில் நின்ற பாய் உடனே, "அவசரத்துக்கு நான் போடட்டுமா?" என்றார். "நீ வாணாம் பாய், உன் ஆளுங்களுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் சின்னம்மா. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் சிலுவை போடுவதே விமானம் ஏறும்போது மட்டும்தான். அன்று அவர்கள் என்னைப் பார்த்த பார்வையில், ராயபுரத்தின் அங்கீகரிக்கப்பட்ட சிலுவைக்காரன் ஆகிவிட்டேன்.

டெஸ்ட் வண்டியில் நான் ஏறக் கூடாது என்பதால் பாயோடு தெரு முனைக் கெபியருகே போய் நின்றேன். அங்கே எனக்கு முன்பே ஒரு கூட்டம். காசிமேட்டு மீன்காரப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் கூடையும் மெழுகுவத்தியுமாக நின்றார்கள். மாதாவுக்கு நிற்கும் ஆட்டோவைத் தரிசிக்க எர்ணாவூர் அம்மாவும் வந்திருந்தாள். "இங்கதான் நிக்கும், பாத்துகினே இரு" என்று பக்கத்தில் இருந்தவளுக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் எதற்கும் இவ்வளவு பயந்ததில்லை. இதற்கு ஒரு பாலிசியும் கிடையாது.

ஆட்டோ திரும்பி வந்தது. பின்னால் இன்ஸ்பெக்டர் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். கெபி நெருங்கியது. சின்னம்மாவின் வலக்கை விரல்கள் பிடியை விட்டு மெல்ல விரிந்தன.

"சின்னம்மா, நான் போடுறேன்!" என்று கத்தினேன். தெருவே பார்க்க, நெற்றி, நெஞ்சு, தோள், தோள் என்று கை வீசிச் சிலுவை போட்டேன். அதைப் பார்த்து மீன்காரப் பெண்கள் அத்தனை பேரும் கூடையை இறக்கிவிட்டுப் போட்டார்கள். பாய் நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். சின்னம்மா எங்களைப் பார்த்தாள். அவள் விரல்கள் மறுபடி மூடின. ஆட்டோ கெபியைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, டெஸ்ட் மைதானத்துக்குள் போயேவிட்டது.

"போயிடுச்சே!" என்று அலறினாள் எர்ணாவூர் அம்மா. "மாதாவே, நிக்காத போயிடுச்சே!" அவளைத் தேற்ற இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். கெபி தாண்டும்போது இன்ஸ்பெக்டரும் பின்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டார் என்று சின்னம்மா பிறகு சத்தியம் பண்ணினாள். சாயங்காலமே லைசென்ஸ் கைக்கு வந்தது. காசிம் பாய் 'எல்' ஸ்டிக்கரைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கண்ணில் தூசி என்றார்.

சனிக்கிழமை காலை முதல் சவாரி: நாலு பெண்கள், ஆறு கூடை, ஓரத்தில் நான். எதிரே வந்த ஆட்டோக்காரர் மூக்கைப் பிடித்துக்காட்டினார். சின்னம்மா அவரைத் திட்டியதை இங்கே எழுத முடியாது. அம்மாவுக்குப் போன் போட்டு, ஜன்னல் சீட்டு காலியாகத்தான் வரும் என்றேன். "மெதுவா ஓட்டச் சொல்லு" என்று மட்டும் சொன்னாள் அம்மா. அதைப் பற்றிக் கவலையே வேண்டாம் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என்னை விமான நிலையத்துக்குச் சின்னம்மாவே ஓட்டிவந்தாள். வழியெல்லாம் எனக்கு வேலை. "தொ, அந்தோணியார் கோயிலு. போட்டியா?" "போட்டேன்." "அவசரமா போட்டா கணக்குல வராது, ஒயுங்கா போடு." நகரத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே இத்தனை மாதாக்களும் அந்தோணியார்களும் இருக்கிறார்கள் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்கேயும் வண்டி நிற்கவில்லை. நானும் ஒரு தடவைகூடக் கண்ணை மூடவில்லை.

நிலைய வாசலில் கார்கள் முட்டிமோதிக்கொண்டு நின்றன. போலீஸ்காரர் விசில் ஊதி எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். "நிறுத்தாதே சின்னம்மா, நகர்த்திக்கிட்டே இரு, நான் குதிச்சிடுறேன்" என்று பையோடு இறங்கினேன். மீன் வாடையும் நானுமாக நின்று கைகாட்டினேன்.

சின்னம்மா என்னைப் பார்த்தாள். அவள் வலக்கை பிடியை விட்டு எழுந்து, ஆட்டோவுக்கு வெளியே நீண்டு, கட்டை விரலால் என் நெற்றியில் நிதானமாக ஒரு சிலுவை போட்டது. வண்டி 'குர்ர்' என்று இருமி அங்கேயே நின்றது. பின்னால் ஹாரன்கள் கூச்சல் போட்டன. போலீஸ்காரர் ஓடிவந்தார்.

"யம்மா! வண்டி இன்னாத்துக்கு நின்னுச்சு?"

"அதுவா நிக்கல சார், நான்தான் நிறுத்துனேன். புள்ள ஊருக்குப் போவுதுல்ல?" என்றாள் சின்னம்மா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னாடா பாத்துகினு கீற? போ. போயி அடுப்பப் பத்த வை."